எட்டுச் சதுர வீட்டின் பின்பக்கச் சுவர்

போன வாரம் ஒரு இன்ஜினியர் தம்பி என் போனுக்கு நான்கு படங்கள் அனுப்பினார். நான்கிலும் பூசாத செங்கல் சுவர்கள். உடனே கூப்பிட்டும் விட்டார்.

“மேஸ்திரி, பூச்சுக்கு எவ்ளோ ஆவும்னு ரவுண்டா ஒரு தொக சொல்லுங்க. ஓனருக்கு இன்னிக்கே சொல்லியாவணும்.”

“தம்பி, இந்தச் செவுரு எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு படத்துல தெரியலியே.”

“அது எதுக்கு மேஸ்திரி? சதுர அடிய மட்டும் பாருங்க.”

அது எதுக்கு என்று போனில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறந்தது கடலூர் முதுநகர். மணல் சலித்தேன், கலவை கலந்தேன், சாரம் கட்டினேன், ஆறாவது வருஷம் பூசுகிற கரணை பிடித்தேன். இந்த வேலைக்கு வந்த எல்லாருக்கும் அதே கதைதான், நீட்ட வேண்டாம். சொந்தமாக ஆள் சேர்த்து வேலை எடுத்த பிறகுதான் என் கதை. கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் பூசிய சுவர் எதிலாவது இருட்டின பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் இருந்தால் நிழல் விழும். என் சுவரில் விழாது. இதைத் தற்பெருமை என்று சொல்கிறவர்கள் விளக்கோடு வரட்டும், விலாசம் தருகிறேன். 2012-ல் வலது தோள் தூக்க வராமல் போய் வேலையை விட்டேன். அதுவரை என் வேலையை நிறுத்தியது ஒரே ஒரு ஆள்தான். அது ஒரு பெண்பிள்ளை.

சுனாமிக்கு மறு வருஷம் கடலூர்க் கடலோரத்தில் வரிசையாகப் புது வீடுகள் எழும்பின. அதில் நாற்பது வீட்டுப் பூச்சு வேலை எனக்கு வந்தது. மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியருக்கு இருபத்தாறு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய குடை. நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். கையில் ஒரு ரூபாய் நாணயம். பூசிக் காய்ந்த சுவரை ஒரு மூலையில் ஆரம்பித்து, சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போவார். பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் கருங்கல்லைத் தட்டினது போலச் சத்தம் வரும். பிடிக்காமல் பொய்யாக ஒட்டிக்கொண்டிருந்தால் காலி டப்பாச் சத்தம். அந்த இடத்தில் செங்கல் துண்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார். திட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். வட்டம் போட்ட இடத்தை நாங்களே உடைத்து மறுபடி பூச வேண்டும்.

முதல் வாரமே என் சுவர் ஒன்றில் பதினொரு வட்டம்.

“மேடம், கொஞ்சம் நல்லாப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்குது” என்றேன்.

“கண்ணாடி மாதிரிதான் இருக்குது மேஸ்திரி. சத்தம் சரியில்ல.”

“நான் இந்த வேலைக்கு வந்து இருவத்தஞ்சி வருஷம் ஆவுது.”

“செவுத்த நனைச்சீங்களா?”

“காலையிலயே நனைச்சிட்டோம்.”

“கடல்காத்துல அது பத்து மணிக்கே காஞ்சி போயிடும். பூசறதுக்கு முன்னாடி திரும்ப நனைச்சீங்களா?”

காய்ந்த செங்கல் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு சிமெண்ட் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சோம்பல்பட்டிருந்தேன். அவர் இரண்டு நாள் வேலையை நிறுத்தி வைத்தார். என்னிடம் இருபது வருஷமாகச் சித்தாள் வேலை செய்த தனலட்சுமி மட்டும் வாயை மூடவில்லை.

“மேடம் கோலம் போட்டுட்டுப் போயிருக்காங்க மேஸ்திரி. மிதிச்சி அழிச்சிடாதீங்க.”

அந்த இரண்டு நாளில் நான் ஒன்று செய்தேன். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், மேடம் அளவு எழுதும்போது கூடவே நின்றேன். அளவை எப்படி நோட்டில் ஏற்றுவது என்று அன்றுதான் பிடிபட்டது. இதை வீடு கட்டுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு அறையிலும் நாலு சுவரையும் தனித்தனியாக நீளம், உயரம் பெருக்க வேண்டும். மேல்தளத்தின் அடிப்பக்கம் தனி. அதற்குச் சாரமும் வேண்டும், கைவலியும் ஜாஸ்தி. வெளிச்சுவர் தனி, கலவை வேறு. சன்னல், கதவு ஓட்டையைக் கழிப்பதில்தான் சண்டை வரும். நாங்கள் சன்னலைக் கழிக்க மாட்டோம், ஏனென்றால் அதன் நாலு ஓரத்தையும் உள்மடித்துப் பூசுகிற நேரத்தில் வெறும் சுவரில் இரண்டு மடங்கு பூசிவிடலாம். இதை வேலைக்கு முன்னால் பேசிக்கொண்டால் சண்டையே இல்லை. தூண் கான்கிரீட்டும் செங்கல்லும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷத்தில் நேர்கோடாக வெடிப்பு விடும். வலைக்கும் காசு ஒதுக்குங்கள். பூசின பிறகு ஏழு நாள் தண்ணீர் காட்ட ஆள் யார் என்றும் கேளுங்கள். அது எங்கள் கூலியில் சேராது.

இத்தனையும் தெரிந்த நான்தான் 2007-ல் அளக்காமலே ஒரு வேலைக்கு ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கினேன்.

அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர் சிவக்கொழுந்து. சிதம்பரத்துக்குக் கிழக்கே புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டியிருந்தார். வீடு மேற்கே தெருவைப் பார்த்தது. பின்பக்கம் கிழக்கு. அங்கே மரம் மட்டை எதுவும் கிடையாது, கடல் வரைக்கும் வயல்தான். எட்டுச் சதுர வீடு. சதுரம் என்றால் நூறு சதுர அடி. கூரை போட்டு முடித்து, பூச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர் என் பெயரைக் கேட்டு வந்தார். என் பெயர் அங்கே வரைக்கும் போயிருந்தது.

“கூலி எப்பிடி மேஸ்திரி?”

“சதுரத்துக்கு எழுநூறு. சாமான் உங்களுது.”

அவர் உதட்டுக்குள் கணக்குப் போட்டார். முகம் தெளிந்துவிட்டது. தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே முன்பணம் வைத்து நீட்டினார். அந்தத் தெளிவு எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். எங்கள் கூலியைக் கேட்டு எந்த வீட்டுக்காரர் முகமும் தெளிந்ததில்லை. ஆனால் நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் மனைவி அஞ்சலை என்னைப் பின்பக்க அறைக்குக் கூப்பிட்டார்.

“அண்ணே, எனக்கு மத்ததெல்லாம் அப்புறம். இந்த ரூமு காஞ்சி இருக்கணும்.”

அந்த அறையின் கிழக்குச் சுவர் நாலரை இஞ்ச்தான். மற்ற வெளிச்சுவரெல்லாம் ஒன்பது இஞ்ச். செங்கல் வாங்கப் பணம் போதாமல் கடைசிச் சுவரை மெலிதாக்கிவிட்டார்கள்.

“எம்பொண்ணு கலாவுக்குக் கார்த்திக கடசில பிரசவத்துக்கு நாள் குறிச்சிருக்காங்க. போன தடவ வாடக வூட்டுல, அடமழயில, தலமாட்டுச் செவுத்துல தண்ணி கசிஞ்சிக்கிட்டே இருந்திச்சி. புள்ளைக்கி மாருல சளி கட்டிக்கிச்சி. மூணு மாசம்தான் இருந்தான். டாக்டரு என்னென்னமோ சொன்னாரு. நான் அந்தச் செவுத்ததான் சொல்லுவேன். அதுக்குத்தான் இந்த வூடே.”

அழாமல் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். “என் பூச்சு இருக்கும்போது ஒரு சொட்டு உள்ள வராதும்மா” என்றேன்.

மூன்றாம் நாள் அளந்தேன். முப்பத்தாறு சதுரம் வந்தது. சிவக்கொழுந்து செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு சதுரம் வூட்டுக்கு முப்பத்தாறா? என்னா மேஸ்திரி, வயித்துல அடிக்கிறீங்க?”

“தரைய அளந்தா எட்டு. நான் தரையா பூசப் போறேன்? செவுத்துக்கு ரெண்டு மூஞ்சி இருக்குது. மேல கூர இருக்குது.”

“நான் எட்டுக்குத்தான் பணம் எடுத்து வெச்சேன். ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு.”

வீட்டின் தரை அளவை வைத்துக்கொண்டு பூச்சுக்கும் அதே அளவுதான் என்று நினைப்பது, நான் பார்த்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் செய்த தப்பு. சிவக்கொழுந்து சிமெண்ட், மணலுக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்துப் பார்த்தால், கூலியும் சாமானுமாகப் பதினாலு சதுரம் பூசலாம். வாங்கின வெற்றிலையைத் திருப்பித் தருகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எதைப் பூசுவது, எதை விடுவது என்பதுதான் பேச்சு.

“முன்னாடி பூசுங்க” என்றார் சிவக்கொழுந்து. “அப்புறம் ஹாலு. சம்மந்தி வூட்டுக்காரங்க புள்ளயப் பாக்க வருவாங்க. செங்கல்லு பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது.”

“பின்னாடி பூசுங்கண்ணே” என்றார் அஞ்சலை.

“பின்பக்கத்த யாரும்மா பாக்கப் போறா?” என்று கேட்டது நான்தான்.

“மழ பாக்கும்ணே.”

ஆண்கள் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். புரட்டாசி மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முகப்பும் ஹாலும் போக இரண்டு சதுரத்துக்கு மிஞ்சும், மழைக்கு முன்னால் அதைக்கொண்டு பின்சுவரை முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முகப்பை ஏன் முதலில் எடுத்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிவக்கொழுந்து சொன்னதற்காக மட்டும் இல்லை. அந்தத் தெரு வழியாகத்தான் உள்ளே இருக்கும் முப்பது மனைக்கும் போக வேண்டும். வீடு கட்ட வருகிறவன் எல்லாரும் அந்த முகப்பைப் பார்ப்பான், யார் வேலை என்று கேட்பான். நாலு நாளில் முடிக்க வேண்டியதை ஒன்பது நாள் செய்தேன். முகப்பு நெற்றியில் சிமெண்டிலேயே தாமரை வைத்தேன், இதழ் இதழாக. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

“செவுத்துல மூஞ்சி பாத்துக்கிட்டது போதும் மேஸ்திரி, எறங்குங்க” என்றாள் தனலட்சுமி. “அந்தம்மா ரூமு அப்பிடியே கெடக்குது.”

“உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? கலவையக் குடு.”

ஹால் முடிந்த அன்று வடலூரிலிருந்து ஆள் வந்தது. பெரிய வீடு, ஒரு வாரம் அவசர வேலை. வானத்தைப் பார்த்தேன். ஒரு வாரம்தானே என்று போனேன். நான் போன மறுநாள் கிழக்கே கடல் பக்கமிருந்து மழை பிடித்தது. எட்டு நாள் விடவில்லை.

ஒன்பதாம் நாள் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். முகப்பு கழுவி விட்டதுபோல் இருந்தது. சிவக்கொழுந்து வாசலில் நின்றார்.

“ஹாலுல ஒரு சொட்டு எறங்கல மேஸ்திரி” என்றார். என்னைப் பாராட்டினாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. குரல் அழுகிறவர் குரல் மாதிரி இருந்தது.

பின்னறைக்குப் போனேன். கிழக்குச் சுவர் கறுத்துப் போயிருந்தது. செங்கல்லுக்கு நடுவே கலவைச் சந்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்று, ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை தரையில் குந்தி, பழைய புடவையால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கலாவுக்கு இன்னும் முப்பத்தஞ்சி நாளு” என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் மறுபடி பிழிய ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சுவரை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. உள்பக்கம் பூசினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் குடித்த செங்கல்லை மூடி அடைத்ததாக ஆகும். பூசின பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீரும் காட்ட வேண்டும். ஈரச் சுவருக்கு இன்னும் தண்ணீரா? வெளிப்பக்கமோ, சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, கலவை வழுக்கிக்கொண்டு கீழே விழும். அதுவரை நான் யாரிடமும் யோசனை கேட்டதில்லை. அன்று தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய் போட்டு அந்த மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் இதைத்தான் கேட்டார்.

“வடலூரு வேலைய இந்த வூட்டுக்கு வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்தீங்களா, அப்புறம் எடுத்தீங்களா?”

“அப்புறம்தான் மேடம்.”

இன்னொரு காசு போட்டேன்.

“ரெண்டு நாள் மழ விட்டா வெளிய மட்டும் பூசுங்க. உள்ள ஒண்ணும் பண்ணாதீங்க. குடிச்ச தண்ணி உள்பக்கமா வெளியேறட்டும்.”

“உள்ள செங்கல்லு தெரியுமே மேடம். குழந்த படுக்கற ரூமு.”

“தெரியட்டும்.”

மழை விட்டது. ஆனால் மறுபடி பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தென்னங்கீற்று வாங்கி, மொட்டை மாடி விளிம்பிலிருந்து சாய்வாகப் பந்தல் மாதிரி இறக்கி, அந்தச் சுவரை மட்டும் மூடினேன். உள்ளே காற்றுப் போகக் கீழே திறந்து விட்டேன். காலையும் மாலையும் ஒரு பிடி கலவையைச் சுவரில் வீசிப் பார்ப்பேன். முதல் நாள் வழுக்கி விழுந்தது. மறுநாள் காலை பாதி நின்றது. சாயங்காலம் முழுசாக நின்றது. அன்றே ஆரம்பித்தேன். முதலில் சிமெண்ட் ஜாஸ்தியாகப் போட்ட தண்ணீர்க் கலவையை விளக்குமாற்றால் சுவர் முழுக்கச் சொரசொரப்பாகத் தெளித்தேன். அது பிடித்த பிறகு நீர் தடுக்கும் பவுடர் சேர்த்து ஒரு பூச்சு. அது தண்ணீர் இழுத்து இறுகியதும் மேல் ஒரு பூச்சு. அந்த இரண்டு நாளும் நானே கரணை பிடித்தேன், வேறு கொத்தனாரை விடவில்லை. தாமரை வைத்த கைதான், ஆனால் இரண்டு நாளில் ஒரு பெருமை வார்த்தை என் வாயில் வரவில்லை. தனலட்சுமியும் கிண்டல் பண்ணாமல் கலவை எடுத்துக் கொடுத்தாள். அந்த வேலைக்கு நான் கூலி பேசவில்லை.

உள்ளே பூச மாட்டேன் என்றதும் அஞ்சலை எழுந்து நின்றார்.

“ஊரு பாக்கற பக்கம் பூ வெச்சி பூசுனீங்க. எம்பேரப்புள்ள படுக்கற பக்கம் மட்டும் செங்கல்லா?”

“பூசினா காயாதும்மா. கோடையில வந்து பூசித் தரேன்.”

“ஒரு சொட்டு வராதுன்னும் நீங்கதாண்ணே சொன்னீங்க.”

சன்னல் இரண்டையும் திறந்து வைத்து, இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டுப் பகலெல்லாம் சுவரோரம் வைக்கச் சொன்னேன். அவர் எனக்காகச் செய்யவில்லை, சுவருக்காகச் செய்தார். ஒரு நாள் விடாமல் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை பலத்த மழை வந்தது. இரண்டு தடவையும் கடலூரில் என் வீட்டில் படுத்துக்கொண்டு, கூரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று எழுந்து எழுந்து பார்த்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எட்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கீற்றைப் பிரிக்க வருகிற சாக்கில் நானும் போயிருந்தேன். சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் குடையும் முந்தானையுமாகத் தலை குனிந்தபடியே உள்ளே ஓடினார்கள். முகப்பை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பின்னறை வாசலில் அஞ்சலை கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். கலா குழந்தையோடு நிலைப்படியிலேயே நின்றாள். அஞ்சலை மட்டும் உள்ளே போய், கிழக்குச் சுவரின் வெறும் செங்கல்லில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. வெளியே மழை கொஞ்சம் வலுத்தது. அவர் கையை இன்னும் கீழே வைத்தார். பிறகு குந்தி, தரையோரத்தில் கடைசி வரிசைக் கல்லில் வைத்தார். மூலைக்குப் போய் அங்கேயும் வைத்தார். எத்தனையோ இன்ஜினியர்கள் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து என் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் பீடி பற்ற வைத்துக்கொண்டு நிற்பேன். அன்று பீடிக்கட்டை எடுக்கவே இல்லை. என் கரணை பட்ட இடம் ஒன்றுகூட அந்த உள்சுவரில் கிடையாது.

“என்னாம்மா, உள்ள வரலாமா?” என்றாள் கலா. “கை வலிக்குது.”

அஞ்சலை எழுந்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். புடவையில் துடைக்காமல் அப்படியே அந்தக் கையால் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“அந்தப் பழைய பொடவய எடுத்தாடி” என்றார். “புள்ளைக்கி இங்கயே ஏணை கட்டலாம்.”